குருகிராமிலிருந்து கோவைக்கு 31,000 ரூபாய்க்குப் பேசிய லாரி

ஒன்பது வருடம் குருகிராமில் குப்பை கொட்டியது போதும் என்று போன ஏப்ரலில் கோவைக்கே திரும்பினோம். வீடு கிடைப்பதுதான் கஷ்டம், சாமான் எப்படியும் வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். சரவணம்பட்டியில் வீடு ஒரே வாரத்தில் அமைந்தது. சாமான் வர 23 நாள் ஆனது.

ஒரு இணையதளத்தில் 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' தேடி என் நம்பரைப் போட்டேன். அரை மணி நேரத்தில் பதினான்கு அழைப்புகள். எல்லாரும் 55,000, 65,000 என்று சொல்ல, ஒருவர் மட்டும் 31,000 என்றார். பெரிய கம்பெனி ஒன்றின் பெயரோடு ஒரு வார்த்தை கூடுதலாக ஒட்டிய பெயர். அதன் கிளை என்று நானே நினைத்துக்கொண்டேன்; அவரும் இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்கவும் இல்லை, வீடியோ காலே போதுமாம்.

காலை எட்டு மணிக்கு வர வேண்டியவர்கள் இரவு ஏழுக்கு வந்தார்கள். மறுநாள் விடியற்காலை எங்களுக்கு விமானம். பதினொன்றரை மணிக்குக் கண் சொருகிக்கொண்டிருக்கும்போது சாமான் பட்டியலை நீட்டினார்கள். எல்லாப் பொருளுக்கும் எதிரே 'பழையது, கீறல் உண்டு, ஓட்டிப் பார்க்கவில்லை' என்று கிறுக்கியிருந்தது. வாங்கி இரண்டு வருடமே ஆன வாஷிங் மெஷினுக்கும் அதேதான். கையெழுத்துப் போட்டேன். மலிவுக்கு ஆசைப்பட்டதைக்கூட மன்னித்துக்கொள்வேன், இந்தக் கையெழுத்தை முடியவில்லை.

நான்காம் நாள் போன் வந்தது. "வால்யூம் அதிகம் மேடம்ஜி. இன்னும் 22,000 அனுப்பினால்தான் வண்டி கிளம்பும். இல்லையென்றால் குடோன் வாடகை நாளுக்கு 800." பேசிய பணமும் அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 5,580-ம் ஏற்கெனவே கட்டியாயிற்று. சாமான் அங்கே, நாங்கள் இங்கே காலி வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறோம். பேரம் பேசி 12,000 அனுப்பினோம்.

அடுத்த வாரம் இன்னொரு 9,000. ஓசூர் செக்போஸ்ட்டில் வண்டியைப் பிடித்துவிட்டார்களாம், வீட்டுச் சாமானுக்கு நுழைவு வரியும், சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் ரசீதான இ-வே பில் இல்லாததற்கு அபராதமும் கட்ட வேண்டுமாம். நல்லவேளை, என் சித்தப்பா மகன் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். "அக்கா, ஒரு பைசா அனுப்பாதே" என்றான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே நுழைவு வரி போய்விட்டது, வணிகவரி செக்போஸ்ட்டையும் எடுத்துவிட்டார்கள். நாம் புழங்கிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லே தேவையில்லை. ஓசூரில் ஆர்டிஓ செக்போஸ்ட் இருக்கிறதே என்றேன். அது வண்டிக்கு, உன் பீரோவுக்கு இல்லை என்றான். பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தான். பதிவு ரத்தானது என்று வந்தது. ஒரு நிமிட வேலை, பணம் கட்டுவதற்கு முன்பே நான் செய்திருக்கலாம்.

எப்படியோ டிரைவர் நம்பரை வாங்கிப் பேசினேன். பாவம், அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்: "ஓசூரா? நான் இன்னும் நாக்பூரே தாண்டவில்லை தீதி."

ஒருவழியாக வந்து இறங்கியதில் வாஷிங் மெஷினின் டிரம் ஆடிப்போயிருந்தது. ஃபிரண்ட் லோட் மெஷினைத் தூக்கும் முன் டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் டிரான்சிட் போல்ட்டைப் பின்பக்கம் போட வேண்டும், யாரும் போடவில்லை. கோவையில் வாங்கி வடக்கே கொண்டுபோன கிரைண்டரில் கல் மட்டும் திரும்பி வந்தது. "கல்லை அனுப்பினவன் சட்டியை எதுக்குடி எடுத்துக்கிட்டான்?" என்று அம்மா இன்றும் கேட்கிறார்.

இரண்டு லட்சம் மதிப்புக்கு 3 சதவீதம் இன்சூரன்ஸ் என்று 6,000 வாங்கியிருந்தார்கள். கொடுத்த காகிதத்தை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் இல்லை, பாலிசி எண்ணும் இல்லை, அவர்களுடைய லெட்டர்ஹெட்டிலேயே அடித்த தாள். நஷ்டத்தைக் கேட்டதற்கு, "பட்டியலில் பழையது, கீறல் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார்கள்.

போலீஸில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். லாரியில் சரக்கு ஏற்றிப் போகிறவர்களுக்கான கேரேஜ் பை ரோடு சட்டம், 2007-ன்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் வழக்குப் போடலாம். இந்தக் கெடுவைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். நான் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வழக்குக்காக ஹரியானா வரை அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. கோவையில் மனு தயாராகிறது.

போன வாரம் குருகிராம் தோழி ஒருத்தி ஒரு கொட்டேஷனை அனுப்பி, "புனேவுக்கு 24,000-தானாம், பேசலாமா?" என்று கேட்டாள். கம்பெனி பெயர் வேறு. லாரி படமும் போன் நம்பரும் அதேதான்.