ஒயர் கூடை பின்னும் வகுப்பு: நான்கு ஞாயிறுகளில் ஒரு கூடை

எங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், வாரம் இரண்டு மணி நேரமாக நடந்த ஒயர் கூடை பின்னும் வகுப்பை அண்மையில் முடித்தேன். கட்டணம் 72 சிங்கப்பூர் வெள்ளி. ஒயருக்கும் மற்றப் பொருள்களுக்கும் தனியாக 18 வெள்ளி. கைவேலை எதையும் முன்பு கற்றிராத ஒருவர் இந்தத் தொகையையும் நேரத்தையும் இதற்குச் செலவிடலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேரலாம் என்பதே என் முடிவு. ஆனால் வகுப்பில் சில குறைகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேர்ந்தால், என்னைப் போல் மூன்றாம் வாரத்தில் திணற வேண்டியிருக்காது.

நான் சேர்ந்ததற்குக் காரணம் அம்மாவின் கூடை. பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிய அந்தக் கூடையை அவர் ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்தார். தேக்காச் சந்தைக்குப் போகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அது அவருடன் போய்வந்தது. இப்போதைய தேக்கா நிலையம் 1982இல் திறக்கப்பட்டபோது அதற்கு ஜூஜியாவ் நிலையம் என்று பெயர். 2000ஆம் ஆண்டில்தான் மக்கள் வாயில் வழங்கிய தேக்கா என்ற பெயரே அதிகாரபூர்வமானது. அம்மா ஒருநாளும் அதை வேறு பெயரால் சொல்லிக் கேட்டதில்லை. மீன் வாங்கினாலும் கீரை வாங்கினாலும், முடிச்சுகளின் இடைவெளி வழியே தண்ணீர் வடிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் ஒருமுறை அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும். கைப்பிடி அறுந்த பிறகு அந்தக் கூடை அலமாரியின் மேல் ஏறிவிட்டது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பிளாஸ்டிக் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கத் தொடங்கியபோது, வீட்டில் எல்லாரும் துணிப்பை தேடினோம்; எனக்கு அலமாரி மேலிருந்த கூடைதான் நினைவுக்கு வந்தது.

வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர் இருந்தோம். பாதிக்கு மேல் தமிழர்கள். இரண்டு மலாய்ப் பெண்மணிகளும், சிவப்பு நீலச் சந்தைக் கூடைகளைச் சிறுவயதில் தூக்கித் திரிந்த ஓய்வுபெற்ற சீனப் பெரியவர் ஒருவரும் இருந்தார்கள். அவர் சொன்ன கூடை வேறு வகை. அதில் பட்டையான பிளாஸ்டிக் நாடாக்கள், பாய் முடைவதுபோல் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி இறங்கும். நம்முடைய ஒயர் கூடை முடைவது அன்று, முடிவது. ஒயர்கள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு இருப்பதால், ஓர் இடத்தில் அறுந்தாலும் கூடை முழுவதும் பிரிந்துவிடுவதில்லை. இந்த வேறுபாட்டை ஆசிரியை முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டு கூடைகளையும் மேசைமேல் வைத்து விளக்கினார். எல்லாரும் அக்கா என்றே அழைத்த அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தமிழில் சொல்வதை உடனே ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்லிவிடுவார். எந்த மொழிக்காரரும் ஒதுங்கி உட்கார நேரவில்லை.

முதல் வகுப்பில் நாங்கள் கூடையைத் தொடவே இல்லை. ஆளுக்கு இரண்டு நிறத்தில் துண்டு ஒயர்களைக் கொடுத்து, இரண்டு மணி நேரமும் சாதா முடிச்சு ஒன்றையே போடச் சொன்னார். ஓர் ஒயரை நடுவில் மடித்து, மற்றொன்றை அதன் மடிப்புக்குள் நுழைத்து, முனைகளை மாற்றிக் கோத்து நான்கு பக்கமும் ஒரே அளவாக இழுத்தால் சிறு சதுரமாக ஒரு முடிச்சு அமரும். எழுதிப் பார்க்க எளிதாகத் தெரிகிறது. ஆனால் நான்கு முனைகளையும் ஒரே அளவில் இழுப்பதற்குக் கை பழகச் சுமார் நாற்பது முடிச்சுகள் ஆயின. பணம் கொடுத்து வந்தவர்கள் முதல் நாளே கையில் ஏதோ ஒரு பொருளுடன் வீடு திரும்ப விரும்புவார்கள் என்று எண்ணி, கைவேலை வகுப்புகள் பல முதல் நாளே ஒரு பொருளைச் செய்ய வைத்துவிடுகின்றன. இந்த அக்கா அந்த விருப்பத்துக்கு இடங்கொடுக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பியதில் அன்று எனக்கும் சற்று ஏமாற்றந்தான். ஆனால் பிறகு பின்னியது முழுவதும் அந்த நாற்பது முடிச்சுகளின் மேல்தான் நின்றது.

காரணத்தை அவர் ஒரு கணக்காகச் சொன்னார். நாங்கள் பின்னிய கூடையின் அடிப்பாகம் நீளவாக்கில் 18 முடிச்சு, அகலவாக்கில் 7 முடிச்சு. ஆக அடியில் 126 முடிச்சுகள். அதைச் சுற்றி எழும்பும் சுவரில் ஒரு சுற்றுக்கு 50 முடிச்சு வீதம் 18 சுற்று, அதாவது 900 முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தாலே, ஒரு சுற்றில் கூடையின் சுற்றளவு ஐந்து சென்டிமீட்டர் கூடிவிடும். அப்போது சுவர் நேராக எழாமல் பூந்தொட்டிபோல் வெளிப்பக்கம் சாயும். தொடக்கத்தில் இறுக்கமாகவும் களைத்த பின் தளர்வாகவும் போடுவது எல்லாப் புதியவர்களுக்கும் நேர்வது. கை களைத்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் விதித்த ஒரே கண்டிப்பான விதி.

இரண்டாம் வாரம் அடிப்பாகம் போட்டோம். இங்கே ரன்னிங் ஒயர் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கூடைக்கு இரண்டு வகை ஒயர் வேண்டும். ஒன்று அளவாக வெட்டி வைத்த துண்டுகள். மற்றொன்று வெட்டாமல் கட்டோடு இணைந்தே இருக்கும் நீள ஒயர். சுவர் எழும்பும்போது வெட்டிய ஒயர்கள் மேல்நோக்கி ஏறும். ரன்னிங் ஒயர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து முடிந்தபடி கூடையைச் சுற்றிச் சுற்றி ஓடும். இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் எடுத்தால், எது ஏறுகிறது, எது ஓடுகிறது என்பது பார்த்தவுடனே தெரியும். புதிதாகத் தொடங்குபவர் ஒருபோதும் ஒரே நிறத்தில் கூடை பின்ன வேண்டாம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வீட்டுத் திரைச்சீலைக்குப் பொருந்த வேண்டும் என்று முழுவதும் கருநீலத்தில் எடுத்தார். எந்த முடிச்சில் தவறு என்று கண்டுபிடிக்க ஆசிரியையே விளக்கடியில் தூக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று.

வகுப்பின் முதல் குறையும் நிறத்தைப் பற்றியதுதான். வீட்டில் பார்த்துப் பழகுவதற்காக அவர்கள் கொடுத்த ஆறு பக்கக் கைத்தாள் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்பட்டிருந்தது. வகுப்பில் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டிய ஒயர்கள் தாளில் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. இந்தத் தொழிலில் நிறந்தான் வழிகாட்டி என்றிருக்கும்போது, 90 வெள்ளி வாங்கும் ஒரு வகுப்பு ஆறு பக்கங்களை வண்ணத்தில் கொடுத்திருக்கலாம். நான் மூன்றாம் வாரத்தில் வண்ணப் பென்சிலால் அந்தப் படங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டேன். சேர விரும்புபவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுவது நல்லது.

இரண்டாவது குறை ஒயரின் நீளம். எல்லாருக்கும் ஏழடியில் வெட்டிய துண்டுகளையே கொடுத்தார்கள். இறுக்கிப் போடும் கைக்கு ஒயர் குறைவாகச் செலவாகும். தளர்த்திப் போடும் கைக்குக் கூடுதலாகும். முதல் வாரம் நாங்கள் போட்ட முடிச்சுகளைப் பார்த்தே யாருடைய கை எப்படி என்று ஆசிரியைக்குத் தெரிந்திருக்கும். அதற்கேற்ப அரை அடி கூட்டி வெட்டியிருந்தால், பதினைந்தாம் சுற்றில் எனக்கு மூன்று ஒயர்கள் பற்றாமல் போகும் நிலை வந்திருக்காது. பழைய ஒயரின் முனையையும் புதிய துண்டின் தொடக்கத்தையும் முந்தைய முடிச்சுகளுக்குள் சேர்த்துச் செருகி ஒட்டுப் போடும் வழியை அவர் சொல்லித் தந்தார். அது பிடித்துக்கொண்டது, ஆனால் கூடையின் ஒரு பக்கத்தில் அந்த மூன்று இடங்களும் சற்றுப் புடைத்தே தெரிகின்றன.

வகுப்பு நேரம் மட்டும் போதும் என்று நினைத்துச் சேரக் கூடாது. எட்டு மணி நேரத்தில் புதியவர் ஒருவரால் ஆயிரத்துக்கு மேற்பட்ட முடிச்சுகளைப் போட முடியாது. இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையில் நான் அநேகமாகத் தினமும் ஒரு மணி நேரம் வீட்டில் பின்னினேன். எம்ஆர்டி ரயிலில் பின்னலாம் என்று எடுத்துச் சென்றபோது, நீட்டிக்கொண்டிருந்த முனைகள் பக்கத்திலிருந்தவரின் கையில் பட்டதால் பாதியில் நிறுத்திவிட்டேன். விரல் நுனிகள் முதல் பத்து நாள் வலிக்கும். ஒயரின் ஓரம் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் அறுப்பதால், அங்கே முன்கூட்டியே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளச் சொன்னது பயனுள்ள அறிவுரை.

இந்த வகுப்பின் சிறப்பு எது என்றால், தவறைத் திருத்தும் முறையைச் சொல்வேன். அடிப்பாகம் முடிந்ததும் ஆசிரியை ஒவ்வொருவருடைய கூடையையும் வாங்கி, விரலால் வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்தார். என்னுடையதில் நான்காம் வரிசையில் ஒரு முடிச்சு திரும்பியிருந்தது. பார்த்தால் தெரியாது, தொட்டால் மட்டும் தெரியும். அவர் அதைத் தாமே சரிசெய்து கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மாறாக, மழுங்கிய ஊசி ஒன்றைக் கொடுத்து, “நீங்களே பிரிங்க, எந்த ஒயர் எங்கேருந்து வந்துச்சுன்னு அப்பதான் கைக்குப் புரியும்” என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று வரிசை பிரித்து மறுபடி போட்டேன். ரன்னிங் ஒயர் ஓடும் பாதை எனக்கு உண்மையில் விளங்கியது அந்த முக்கால் மணி நேரத்தில்தான். பன்னிரண்டு பேருக்கும் இப்படிப் பக்கத்தில் உட்கார ஒருவரால் முடியாது என்பது இதன் மறுபக்கம். ஆசிரியை எதிரில் அமர்ந்து செய்து காட்டும்போது அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகத் தெரிகிறது. இடக்கை பழக்கமுள்ள ஒரு பெண் இரண்டு வாரம் தலைகீழாகவே புரிந்துகொண்டிருந்தார். உதவிக்கு இன்னொருவர் இருக்க வேண்டும், அல்லது எட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெரிய குறை கடைசி வாரத்தில் இருந்தது. வாய் விளிம்பை மடித்து முடிப்பது, மிஞ்சிய முனைகளை உட்பக்க முடிச்சுகளுக்குள் செருகி நறுக்குவது, கைப்பிடி போடுவது ஆகிய மூன்றையும் ஒரே வகுப்பில் திணித்திருந்தார்கள். முனையைச் செருகாமல் ஒட்ட வெட்டினால், கையை உள்ளே விடும்போதெல்லாம் கீறும். சில நாளில் முடிச்சும் நெகிழும். இதைச் சொல்லித் தர ஒரு முழு வகுப்பு வேண்டும். கைப்பிடி அதைவிட முக்கியமானது. நடுவில் சில ஒயர்களை ஒன்றாக வைத்து, மேலே மற்ற ஒயர்களைச் சுற்றிப் பின்னி, சுமை முழுவதும் தாங்கும்படி விளிம்புக்குக் கீழே பல வரிசைகளுக்குள் இறக்கிக் கட்ட வேண்டும். அம்மாவின் கூடை அறுந்ததும் அந்த இடத்தில்தான். எங்களுக்கு அதற்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். பலர் ஒரு கைப்பிடியோடு வீட்டுக்குப் போனார்கள். அக்கா தம் வீட்டு நேரத்தைக் கொடுத்து இருவருக்கு மறுவாரம் முடித்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அது அவருடைய நல்ல மனம். ஆனால் ஐந்தாவது வகுப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டியது ஏற்பாட்டாளர்களின் பொறுப்பு. அதற்காகக் கட்டணத்தை உயர்த்தினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

வகுப்பு முடிந்தபின் ஒயர் எங்கே வாங்குவது என்ற கேள்விக்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. கூடுதலாக இரண்டு கட்டு விலைக்குக் கேட்டேன், கையிருப்பு இல்லை என்றார்கள். ஊருக்குப் போய்வருபவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்வதே நான் கண்ட வழி. கட்டுகள் எடை குறைவு, பெட்டியின் ஓரத்தில் அடங்கிவிடும். வாங்கும்போது ஒரே நிறத்தில் தேவைக்கு ஒரு கட்டு கூடுதலாகவே வாங்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும் சிவப்பு, இந்த முறை வந்த சிவப்பாக இராது.

எதைப் பின்னித் தொடங்குவது என்பதிலும் ஒரு வார்த்தை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று அழகான வகைகளின் மாதிரிகளை முதல் நாள் மேசைமேல் பார்த்ததும் எங்களில் பாதிப் பேர் அவற்றைத்தான் கேட்டோம். சிவன் கண்ணில் முடிச்சு போடுவதோடு கோலப்புள்ளிபோல் எண்ணிக்கையும் சேர்ந்துவிடும். ஓர் எண் தவறினால் கண் மூடிக்கொள்ளும். சாதா முடிச்சில் ஒரு கூடையை முடித்த பிறகுதான் அதற்குச் சேர்த்துக்கொள்வேன் என்று அக்கா மறுத்துவிட்டார். சரியான மறுப்பு. முதல் கூடையை உணவுப் பாத்திரம் வைக்கும் அளவுக்குச் சிறிதாக வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. அதே பாடம், பாதி முடிச்சு, கைப்பிடிக்கும் நேரம் மிஞ்சியிருக்கும்.

செலவைப் பார்த்தால், கடையில் முடித்த கூடையே இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கூடை மட்டும் வேண்டுபவருக்கு இந்த வகுப்பு தேவையில்லை. பழைய கூடையைப் பழுதுபார்க்கவும், விரும்பிய அளவில் ஒன்றைப் பின்னவும் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு 90 வெள்ளி நியாயமான தொகை. ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று ஒருவர் வகுப்பில் கேட்டார். உண்மைதான், ஆகவே அதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால்தான் பொருளுண்டு. வீட்டுத் தாழ்வாரத்தில் வெயில் படும்படி தொங்கவிட்டால் ஒயர் நாளடைவில் வறண்டு முறியத் தொடங்கும். நிழலில் கவிழ்த்து வையுங்கள்.

சென்ற சனிக்கிழமை என் கூடையைத் தேக்காவுக்கு எடுத்துச் சென்றேன். இரண்டு கிலோ வெங்காயம், ஒரு தேங்காய், முருங்கைக்காய், கொஞ்சம் நெத்திலி. அடிப்பாகம் தொய்யவில்லை. ஒட்டுப் போட்ட மூன்று இடங்களும் தாங்கின. அவசரத்தில் கட்டிய இடக் கைப்பிடி மட்டும் வீடு வருவதற்குள் ஒரு விரல் அளவு நீண்டுவிட்டது; அதைப் பிரித்து மறுபடி கட்ட ஊசியை எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவின் கூடையும் அலமாரியிலிருந்து கீழே இறங்கிப் பக்கத்தில் காத்திருக்கிறது.