பில் பிராண்டின் இரண்டு கேமராக்கள்: ரோலைஃப்ளெக்ஸும் பழைய கோடக்கும்

1930-களில் லண்டன் வாழ்க்கையைப் படமெடுக்க பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் பில் பிராண்டுக்கு ரோலைஃப்ளெக்ஸ் என்ற இரட்டை லென்ஸ் கேமரா தோதாக இருந்தது. 120 ஃபிலிம் சுருளில் 12 சதுரப் படங்கள். இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கலாம். ஆனால் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும், பழகாதவர் தடுமாறுவார்.

போருக்குப் பின் நிர்வாணப் படங்களுக்கு எடுத்தது வேறு ரகம்: குற்றம் நடந்த இடங்களைப் பதிவுசெய்யக் காவல்துறை பயன்படுத்திய வகை மரக் கோடக். அகலக் கோண லென்ஸ், மிகச் சிறிய துவாரம். அறை முழுதும் கூர்மையாக விழும். வெளிச்சம்தான் போதாது, எக்ஸ்போஷர் (ஃபிலிமில் ஒளி விழும் நேரம்) நீளும், மாடல் அசைந்தால் படம் கலங்கும். லென்ஸுக்கு அருகில் வரும் கை பூதாகரமாகும். அந்தக் கோணலே அவருக்கு வேண்டியிருந்தது! 1961-இல் வெளியான நிர்வாணப் படத் தொகுப்பின் பலம் இந்தப் பெட்டிதான். தெருவுக்கு மட்டும் இது உதவாது.