கூகுள் சைட்ஸ்: ஃபுட்டர் அருமை, தலைப்பில் கவனம் வேண்டும்

நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, திருபுவனம் பட்டுக் கடை போன்ற தொழில்களுக்கு நாலைந்து பக்க இணையதளம் போதுமென்றால், கூகுளின் இணையதளம் உருவாக்கும் கருவியான கூகுள் சைட்ஸ் நல்ல தேர்வு. ஜிமெயில் கணக்கு இருந்தால் செலவில்லை, கோடிங்கும் தேவையில்லை. சறுக்கும் இடம் தலைப்பு.

ஏனென்றால் இதில் பெயர் எழுத நான்கு இடங்கள் உண்டு. இடது மேல் மூலையில் இருப்பது கோப்பின் பெயர். தளத்துக்கு வருபவர் கண்ணில் அது படாது. அதற்குக் கீழே, பக்கத்தின் உச்சியில் இருப்பது தளத்தின் பெயர். நடுவில் பெரிய எழுத்தில் வருவது பக்கத் தலைப்பு. வலப்புற 'பேஜஸ்' பட்டியலில் இருப்பது பக்கத்தின் பெயர். மெனுவில் தெரிவது இதுதான். கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தளத்தில் கடைப் பெயரைத் தேடினால் கிடைக்காது.

பிரவுசர் டேபில் தளத்தின் பெயர் முதலில் வரும், பக்கத்தின் பெயர் பின்னால் வரும். இந்த வரிசையை மாற்ற வழி தரவில்லை. கருவியின் பெரிய குறை இது. 'பாரம்பரிய பித்தளைக் குத்துவிளக்கு உற்பத்தியாளர்கள் மற்றும் மொத்த விற்பனையாளர்கள்' என்று தளப் பெயரை நீட்டினால், எந்தப் பக்கம் என்பதே டேபில் தெரியாமல் போகும். கடைப் பெயரும் ஊரும் போதும்.

புதுப் பக்கம் சேர்க்கும்போது 'அட்வான்ஸ்டு' பகுதியைத் திறந்து, 'கஸ்டம் பாத்' கட்டத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு சின்னச் சொல் கொடுங்கள். விட்டுவிட்டால் தமிழ்ப் பெயரே முகவரியாகும். 'குத்துவிளக்கு' என்பது யூனிகோட் என்ற கணினி எழுத்து முறையில் 13 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 39 பைட். அந்த முகவரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்து அல்லது எண்ணுமாக மாறி, இந்த ஒரு சொல்லே 117 இடம் பிடிக்கும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து மோசடி லிங்க் என்று நினைத்தால் தவறில்லை.

மேற்பகுதிக்குத் திரையை நிறைக்கும் 'கவர்' படம் வேண்டாம், உயரம் குறைந்த 'பேனர்' போதும். பளபளக்கும் பித்தளைப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து மங்கும். படத்தின் வலது கீழ் மூலையில் உள்ள வாசிப்புச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தினால் படம் சற்று இருண்டு எழுத்து எடுப்பாகும்.

பக்கத்தின் அடியில் வரும் பகுதியான ஃபுட்டர் விஷயத்தில் இந்தக் கருவியை மனதாரப் பாராட்டலாம். பக்கத்தின் அடிக்கு மவுஸைக் கொண்டுபோனால் 'ஆட் ஃபுட்டர்' தோன்றும். ஒருமுறை எழுதினால் எல்லாப் பக்கத்திலும் வந்துவிடும். ஏதாவது ஒரு பக்கத்தில் வேண்டாமென்றால் அங்கே மட்டும் மறைக்கலாம். இதன் அருமை முகவரி மாறும்போது தெரியும். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. சீர்காழிக் கடையின் தளத்தில் இன்னமும் 'நாகப்பட்டினம் மாவட்டம்' என்று இருந்தால், ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கமும் சரியாகிவிடும்.

ஃபுட்டரில் கடைப் பெயர், தெரு, ஊர், மாவட்டம், ஆறு இலக்க பின்கோடு, தொலைபேசி எண் இருந்தால் போதும். விசிட்டிங் கார்டைப் படம் எடுத்து ஒட்டாதீர்கள். படத்திலிருக்கும் எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. வாட்ஸ்அப் லிங்க் கொடுத்தால், எண்ணை 91-இல் தொடங்கிப் பத்து இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். கூட்டல் குறி, முன் பூஜ்யம், இடைவெளி எதுவும் வேண்டாம். பக்கத்தில் பக்கமாக வைத்த மூன்று கட்டங்கள் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும், ஆகவே தொலைபேசி எண் இடது கட்டத்தில் இருக்கட்டும். © குறியோடு எழுதும் காப்புரிமை ஆண்டு தானாக மாறாது. புவிசார் குறியீட்டு முத்திரையை, 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவர்கள் மட்டும் போடலாம்.

எதைத் திருத்தினாலும் 'பப்ளிஷ்' பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். அதுவரை வெளியாருக்குப் பழைய ஃபுட்டரே தெரியும்.