லயத்து வீடும் கொழுந்து நிறுவையும்: ஈ.ஆர். வரைபடத்தோடு பல வருடங்கள்

பண்டாரவளையில் சிறிய நூலகம் ஒன்றுக்குத் தரவுத்தளம் அமைக்கப்போகும் நண்பர் கேட்டார்: "ஈ.ஆர். படம் வரைந்துதான் ஆக வேண்டுமா? நேரே அட்டவணைகளைப் போட்டுவிட்டால் என்ன?" எவற்றைப் பதியப்போகிறோம், அவற்றுக்கிடையே என்ன உறவு என்று அட்டவணை போடுமுன் வரைந்து பார்ப்பதுதான் ஈ.ஆர். படம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கணக்குகளுக்கு இந்த முறையைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். செவ்வகம் உருபொருள் (பதியப்படும் ஆள் அல்லது பொருள்), நீள்வட்டம் பண்பு, சாய்சதுரம் உறவு என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

லயத்து வீடுகளை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, பதிவதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஐந்தாம் இலக்க வீடு எது என்று கேட்டால் தோட்டத்தில் யாராலும் காட்ட முடியாது. லயத்துக்கு லயம் ஓர் ஐந்தாம் இலக்கம் உண்டு. எந்த டிவிசன் (தோட்டப் பிரிவு), எந்த லயம் என்று சேர்த்துச் சொன்னால்தான் வீடு கிடைக்கும். இப்படி இன்னொன்றைச் சார்ந்தே அடையாளம் பெறுவதுதான் நலிந்த உருபொருள். இரட்டைக் கோட்டுச் செவ்வகத்தில் வரைவோம். இந்த முறையை முன்வைத்த பீட்டர் சென் 1976இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அதற்கு இடமிருக்கிறது. 'முகவரி' என்று ஒரே கட்டத்தைப் போட்டு, எல்லாக் குடும்பங்களின் கடிதங்களையும் தோட்ட அலுவலகத்தில் குவிக்கும் படிவங்களைப் பார்த்துச் சலித்த எனக்கு, அந்த இரட்டைக் கோடு பெரிய நிம்மதி.

எரிச்சல் எல்லாம் சாய்சதுரத்தில்தான். கொழுந்து பறிப்பவர் ஓர் உருபொருள், மலை (கொழுந்து பறிக்கும் தேயிலை நிலம்) ஓர் உருபொருள், நடுவில் 'பறித்தல்'. பறித்த கிலோ ஆளுக்கும் உரியதல்ல, மலைக்கும் உரியதல்ல, உறவுக்கே உரிய பண்பு. படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் ஆள், மலை என்ற சோடியை வைத்துத்தான் அந்த உறவு அடையாளம் காணப்படுகிறது. ஒரு சோடிக்கு ஓர் எடைக்குத்தான் இடம். அதே ஆள் அதே மலையில் நாளையும் பறிப்பார். ஒரே நாளில் காலை, பகல், மாலை என்று தராசும் வரும். ஆளின் இலக்கத்தையும் மலையின் இலக்கத்தையும் சேர்த்து, ஒரு வரியை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக்கிவிட்டால் பகல் நிறுவையைத் தரவுத்தளம் ஏற்காது. படம் இதைப் பற்றி ஒரு வார்த்தை எச்சரிப்பதில்லை. ஓர் ஆள் பல மலைகளில் பறிக்கலாம், ஒரு மலையில் பலர் பறிக்கலாம் என்பதற்குப் பக்கத்தில் 'எம்', 'என்' என்று எழுதியதும் வேலை முடிந்தது போலத் தோன்றுகிறது. அரைப்பேரா முழுப்பேரா (அரைநாள் சம்பளமா முழுநாள் சம்பளமா) என்பதும் கைக்காசும் அந்த நிறுவையில்தான் தங்கியிருக்கின்றன. ஒரு வரி பதியாமல் போனால் குறைவது ஒரு தாயின் சம்பளம். எத்தனை தடவை பார்த்தாலும் இந்தக் கோபம் எனக்கு அடங்குவதில்லை.

பரிகாரம் இருக்கிறது: 'நிறுவை'யைச் செவ்வகமாக்கி, திகதியையும் நேரத்தையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். அதற்கும் இந்த முறையே வழி தருகிறது என்பதை மறுக்கமாட்டேன். பாடநூல் அதைப் பின்னுக்குத் தள்ளினால் சென் என்ன செய்வார்?

லயத்து வீட்டுக்காகவே முழுப் புள்ளி கொடுக்கலாம். ஆனால் சம்பள வாரத்தில் எழுதுகிறேன். பத்துக்கு ஐந்துக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

நண்பரே, படத்தை வரையுங்கள். வாசகருக்கும் நூலுக்கும் இடையே 'இரவல்' என்று சாய்சதுரம் போடுமுன், அதே பிள்ளை அதே நூலை அடுத்த மாதமும் கேட்டு வந்தால் எங்கே பதிவீர்கள் என்று மட்டும் பாருங்கள்.