டர்போ புகைக்கத் தொடங்கினால் முதலில் ஜொப் கார்டைப் பாருங்கள்

திருகோணமலையில் புதிதாக டர்போ கார் எடுத்தவர்களும் எடுக்க யோசிக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வாரண்டி இருந்த காருக்கு நான் 96,400 ரூபாய் கட்டினேன். கட்டியும் புகை நிற்கவில்லை. விசாரணை நடப்பதால் கம்பனியின் பெயரை எழுதவில்லை. என்னை எந்த இடத்தில் மடக்கினார்கள் என்று தெரிந்தாலே உங்களுக்குப் போதும்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் காத்திருந்து, பாதிக் காசு கையிலிருந்தும் பாதி லீசிங்கிலும் போட்டு, கொழும்பில் ஒரு புதுக் கார் எடுத்தேன். 1000 சீசீ, மூன்று சிலிண்டர், டர்போ பெற்றோல், அதாவது எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளுகிற டர்போ பூட்டியது. வாரண்டி 3 வருடம் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை. வேலைக்காகக் கிழமையில் மூன்று நாள் கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் போய் வருவேன். ஓட நல்ல கார்தான், அதை மறுக்க மாட்டேன்.

8,000 கிலோமீற்றர் அளவில் ஒரு காலை, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் கண்டார். “தம்பி, பின்னால நீலமாப் புகையுது, எண்ணெய் கருகின மணமும் வருது” என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். நீராவி என்றால் வந்த கையோடு கரைந்துவிடும். இது கரையவில்லை. மதிலோடு ஒட்டி அப்படியே நின்றது. டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தால் ஒயில் கீழ்க்கோட்டுக்குக் கிட்ட நின்றது. கம்பனிக்காரரே 5,000 கிலோமீற்றர் சேர்விஸில் ஊற்றிய ஒயில். அதற்குப் பிறகு ஓடியது 3,000 கிலோமீற்றர்தான்.

அவர்களுடைய சேர்விஸ் நிலையம் எங்கள் ஊரில் இல்லை. கிட்டியது இரண்டரை மணித்தியால ஓட்டம். ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். முன்மேசையில் இருந்த தம்பி நன்றாகத் தமிழ் கதைத்தார். “சேர், புது எஞ்சின்தானே, டர்போ என்றால் இப்படிக் கொஞ்சம் அடிக்கும். 10,000 தாண்டினால் சரியாகிவிடும்” என்றார். ஒரு மணித்தியாலம் உள்ளே வைத்திருந்து, கழுவி, துடைத்துத் தந்தார்கள். என்ன குறை, என்ன வேலை என்று எழுதுகிற ஜொப் கார்ட் தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். நான் விட்ட பெரிய பிழை அந்தக் கையெழுத்துத்தான். வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘ஜெனரல் செக்கப்’ என்று இரண்டே சொல். புகை என்ற சொல் தாளில் எங்குமே இல்லை. ஒயில் குறைந்தது பற்றியும் இல்லை. அதை நான் கவனித்தது நான்கு மாதம் கழித்து.

ஊருக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அநுராதபுரச் சந்திப் பக்கம் எனக்குப் பழக்கமான கராஜ் அண்ணரிடம் காட்டினேன். அவர் வாரண்டி உள்ள வாகனத்தில் ஸ்பானர் வைக்க மாட்டார். டோர்ச் அடித்துப் பார்த்தார். டர்போவுக்குப் போகிற காற்றுக் குழாயின் மூட்டில் விரலை வைத்து எடுத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டினார். துணியில் தேன் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. “இதுக்குள்ள ஒயில் இவ்வளவு வரக்கூடாது தம்பி” என்றார்.

அவர் விளக்கியதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரியாததால்தான் பலரும் பேய்க்காட்டப்படுகிறோம். டர்போவுக்குள் ஓடுகிற தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அது மெல்லிய ஒயில் படலத்தில் மிதந்தபடிதான் சுற்றுகிறது. ஒயில் மேலிருந்து ஒரு ஒல்லிக் குழாயால் அமுக்கத்தோடு வரும். கீழே தடித்த குழாயால் தன் பாரத்தில் வடிந்து எஞ்சினுக்குத் திரும்பிப் போகும். அந்த வடிகுழாய் அடைத்தாலும், எஞ்சினின் மூச்சை வெளியேற்றுகிற பீசீவி வால்வு இறுகி உள்ளே அமுக்கம் ஏறினாலும், ஒயில் வடிய வழியில்லாமல், கசிவைத் தடுக்கிற சீலைத் தாண்டிப் புகைக்குழாய்ப் பக்கமும் காற்றுப் பக்கமும் போகும். அதாவது டர்போ நன்றாக இருந்தாலும் புகைக்கும். மூலத்தைப் பார்க்காமல் புது டர்போ போட்டால் அதுவும் அதே பாடுதான் படும். நீலப் புகை என்றால் ஒயில். கறுப்பு என்றால் பெற்றோல் கூடிப்போச்சு, இல்லாவிட்டால் காற்று போதவில்லை. வெள்ளையாக வந்து நிற்காமல் போனால் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அவர் சொல்லி நான் ஒரு லீற்றர் ஒயில் வாங்கி ஊற்றினேன். புத்தகத்தில் போட்டிருந்த அதே தரம். ஆனால் பில்லை வைத்திருக்கவில்லை.

12,400 கிலோமீற்றரில், மூதூரிலிருந்து திரும்பி வரும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தது. இழுவை விழுந்தது. பின்கண்ணாடியில் றோட்டுத் தெரியவில்லை, அவ்வளவு புகை. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் கை காட்டி நிறுத்தச் சொன்னார். உடனே எஞ்சினை நிறுத்தினேன். அப்படி நிலைமை வந்தால் நீங்களும் நிறுத்துங்கள், வீடு வரை ஓட்டிப் பார்க்காதீர்கள். தண்டு உடைந்தால் துண்டுகள் எஞ்சினுக்குள் போகலாம். டீசல் வாகனம் என்றால் இன்னும் மோசம், கசிகிற ஒயிலையே எரித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

கெரியரில் ஏற்றி அனுப்பினேன். பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஒயில் குறைந்த நிலையில் ஓட்டியது வாடிக்கையாளரின் கவனக்குறைவு, வெளி ஒயில் கலந்திருக்கிறது, முன்னர் புகை பற்றி எந்த முறைப்பாடும் பதிவில் இல்லை, ஆகவே வாரண்டி பொருந்தாது என்று இருந்தது. டர்போவுக்கு 485,000 ரூபாய் கணக்கு. நான் போய்ச் சொன்ன நாளை, சொன்ன ஆளை, அவர் தந்த பதிலை எல்லாம் தொலைபேசியில் சொன்னேன். “பதிவில் இல்லையே சேர்” என்ற ஒரே பதில்தான். அப்போதுதான் அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து வாசித்தேன்.

பிறகு இறங்கி வந்து, நல்லெண்ணத்துக்காக டர்போவைக் கம்பனி தரும், கூலியும் ஒயில், பக்கிங், சில்லறைச் சாமான்களும் நான் கட்ட வேண்டும் என்றார்கள். அதுதான் 96,400. கார் அங்கே கிடந்து 23 நாள். லீசிங் மாதம் தவறாமல் போகிறது, மூதூருக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். கட்டினேன்.

700 கிலோமீற்றர்கூட ஓடவில்லை. அதே முற்றம், அதே நீலம்.

இந்த முறை வாயால் எதுவும் கதைக்கவில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது கிலோமீற்றர் தெரியும்படி ஒரே வீடியோவாக எடுத்தேன். டிப்ஸ்டிக்கைக் கிழமைக்கு ஒரு முறை படம் எடுத்தேன். 5,000 சேர்விஸ் பில்லில் அவர்களே ஊற்றிய ஒயிலின் தரமும் அளவும் இருந்தன, அதைப் பிரதி எடுத்தேன். எல்லாவற்றையும் வைத்துப் பதிவுத்தபாலில் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். அதில் மூன்றே கேள்வி: வடிகுழாயைக் கழற்றிப் பார்த்தீர்களா, பீசீவி வால்வைச் சோதித்தீர்களா, டர்போவிலிருந்து வருகிற காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குள் தேங்கிய ஒயிலைக் கழுவினீர்களா.

கூடவே நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை விற்ற நாளிலிருந்தோ சேவை தந்த நாளிலிருந்தோ 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கார் வாங்கி மூன்று மாதம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் காசு வாங்கிச் செய்த திருத்தவேலை ஒரு சேவை, அதற்குக் கணக்கு அந்த பில்லின் திகதியிலிருந்து. இதை எனக்குச் சொன்னவர் அந்தக் கராஜ் அண்ணரின் மகள், சட்டம் படிக்கிறார். அவர் சொல்லாவிட்டால் நான் இன்னும் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டு இருந்திருப்பேன், மூன்று மாதமும் ஓடிப் போயிருக்கும். அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. அழைத்து விசாரிக்கலாம், ஆனால் அழைத்ததோடு விடாதீர்கள், கடிதமும் கொடுங்கள்.

கடிதம் போன ஒன்பதாம் நாள் அவர்களே கெரியர் அனுப்பினார்கள். பீசீவி வால்வு மாற்றி, குழாய்களும் இன்டர்கூலரும் கழுவி, ஒரு சதமும் வாங்காமல் திருப்பித் தந்தார்கள். முதல் நாள் போனபோதே செய்திருக்க வேண்டிய வேலை. அந்த வால்வின் விலை டர்போவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

நீங்கள் போகும்போது குறை என்ற கட்டத்தில் உங்கள் சொல்லையே எழுதச் சொல்லுங்கள். “காலையில் நீலப் புகை, 3,000 கிலோமீற்றரில் ஒயில் குறைகிறது” என்று தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, உங்கள் கையாலேயே எழுதுங்கள். விளங்காத மொழியில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் ஆள் காத்து நிற்கிறார் என்று அவசரப்பட வேண்டாம். தாளை அங்கேயே படம் எடுங்கள். வெளியில் ஒயில் ஊற்ற வேண்டி வந்தால் தரம் எழுதிய பில்லும் வெறும் போத்தலின் படமும் உங்களிடம் இருக்கட்டும். வாரண்டி முடியும்வரை வெளியில் ஒரு கிளிப்பைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

கார் இப்போது 15,100 கிலோமீற்றரில் நிற்கிறது. காலையில் அம்மா இன்னும் பின்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் “இல்லைத் தம்பி, போ” என்கிறார். என் 96,400 ரூபாய் இன்னும் வரவில்லை, விசாரணைக்கு வரும் மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் யாருக்காவது இதே போல் நடந்து ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிய தாள் கையில் இருந்தால், தயவுசெய்து அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள திகதியைப் பார்த்து, மூன்று மாதம் ஆகிவிட்டதா என்று இன்றைக்கே எண்ணுங்கள்.