மின்னசோட்டா இரட்டையரும் புக்காரெஸ்ட் குழந்தைகளும்

மனித நடத்தையில் உயிரியலின் பங்கு எவ்வளவு என்ற விவாதத்தில் இரண்டு ஆய்வுகள் அடிக்கடி எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. 1979இல் உளவியலாளர் தாமஸ் புஷார்ட் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு, குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒத்த இரட்டையரை (ஒரே கருமுட்டையிலிருந்து உருவாகி, ஏறத்தாழ ஒரே மரபணுக்களைக் கொண்டவர்களை)த் தேடிப்பிடித்து ஒப்பிட்டது. 39 வயதில் சந்தித்துக்கொண்ட முதல் இணையருக்கு நகம் கடிக்கும் பழக்கமும் தலைவலியும் தச்சு வேலையில் நாட்டமும் பொதுவாக இருந்தன. நுண்ணறிவு எண்ணில் (IQ) காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு மரபு சார்ந்தது என்று 1990இல் வெளியான முடிவுகள் கூறின. இந்த எண், ஒரு மக்கள் குழுவுக்குள் நிலவும் வேறுபாட்டைப் பற்றியது. தனி மனிதர் ஒருவரின் அறிவில் 70 விழுக்காடு மரபணுவால் வந்தது என்று அதைப் படிப்பது பெரும் பிழை.

இரண்டாவதான, ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் நடந்த ஆய்வு வேறு வழியில் சென்றது. ருமேனிய ஆதரவற்றோர் விடுதிகளில் கைவிடப்பட்டிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர், குலுக்கல் முறையில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். விடுதிக் குழந்தைகள் பலரிடம் காணப்பட்ட, உடலை ஓயாமல் முன்னும் பின்னும் ஆட்டும் பழக்கம் குடும்பங்களுக்குச் சென்றவர்களிடம் குறைந்தது. அவர்களின் நுண்ணறிவு எண்ணும் உயர்ந்தது. சுமார் 2 வயதுக்கு முன்பே சென்றவர்கள் கூடுதலாகத் தேறினர்.

காரணத்தை நிறுவும் வலிமை, குலுக்கல் முறையைக் கையாண்ட இரண்டாம் ஆய்வுக்கே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. மின்னசோட்டா இரட்டையருள் கடும் வறுமையில் வளர்ந்தவர்கள் மிகச் சிலரே என்பதால், சூழல் அடியோடு சிதையும்போது என்ன நேரும் என்பதை அந்த ஆய்வால் காட்ட இயலாது.