வட்டியில்லா கிரெடிட் கார்டில் கார் வாங்கினேன்: கடன் முழுக்க அடைந்த பிறகு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரிட்டனில் பழைய கார் ஒன்றை டீலரிடம் வாங்கப் போகிறீர்கள், மாதாமாதம் கட்ட முடியும் என்ற உறுதியும் இருக்கிறது என்றால், பூஜ்ய வட்டி கிரெடிட் கார்டு நல்ல வழி. வட்டி மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கார் கழுத்தறுத்தால் வங்கியையும் பொறுப்பேற்க வைக்கலாம் என்பதுதான் பெரிய விஷயம். எனக்கு அப்படி ஒரு நிலை வந்தது, அதைக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது லண்டனில் ஹாரோ, வேலை ஹீத்ரோ விமான நிலையம் பக்கம், அதிகாலை ஷிப்ட். குளிர்காலத்தில் இரவு பஸ்ஸை நம்பி இந்த வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கார் வேண்டும், கையில் மொத்தப் பணம் இல்லை. டீலர் ஃபைனான்ஸ் கேட்டபோது 13 சதவீதத்துக்கு மேல் ஏபிஆர் (கட்டணங்களும் சேர்த்த ஆண்டு வட்டி) சொன்னார்கள். 5,000 பவுண்டை இரண்டு வருடத்தில் அடைத்தால் வட்டியே கிட்டத்தட்ட 700 பவுண்ட் வருகிறது. வங்கியில் பர்சனல் லோன் 9 சதவீதம் கிடைத்தாலும் 450க்கு மேல். போதாததற்கு ஹையர் பர்ச்சேஸ் என்ற டீலர் தவணைக் கடனில் கடைசித் தவணை கட்டும் வரை கார் நம்முடையதே இல்லை, சட்டப்படி ஃபைனான்ஸ் கம்பெனியுடையது. வட்டியைக் கூட்டக் கூட்ட டீலருக்குக் கமிஷன் கூடும் முறையை எஃப்சிஏ (நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு) 2021 ஜனவரியில் தடை செய்தது. அதற்கு முன் எத்தனை பேர் தேவையில்லாமல் அதிக வட்டி கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

தெரிந்த ஒரு அண்ணனிடம் யோசனை கேட்டேன். "கிரெடிட் கார்டிலா கார் வாங்கப் போறே தம்பி? வேண்டாம்பா, சீட்டு எடுத்தாவது வாங்கிக்கோ" என்றார். அவர் பயம் புரிகிறது, சலுகைக் காலம் முடிந்த பிறகு பாக்கி நின்றால் 25 சதவீதத்துக்குக் கிட்டே வட்டி ஏறும். ஆனால் அது பாக்கி வைப்பவருக்கு வரும் பிரச்சினை.

கார்டு வாங்கும் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூஜ்ய வட்டி என்று விளம்பரம் வரும் கார்டுகள் பல வகை. நமக்கு வேண்டியது பொருள் வாங்குவதற்கான பர்ச்சேஸ் கார்டு. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டு வேறு ஒரு கார்டின் பாக்கியை மாற்றுவதற்கு. மனி டிரான்ஸ்ஃபர் கார்டு என்று ஒன்று இருக்கிறது, அது பணத்தை நம் வங்கிக் கணக்கில் போடும், கட்டணமும் எடுக்கும், அந்தப் பணத்தில் கார் வாங்கினால் நான் மேலே சொன்ன பாதுகாப்பு கிடையாது. விண்ணப்பிக்கும் முன் கார்டு கிடைக்குமா என்று காட்டும் எலிஜிபிலிட்டி செக்கரில் பாருங்கள், அது சாஃப்ட் சர்ச் என்ற மேலோட்டமான சோதனை என்பதால் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாதிக்காது. நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு கிரெடிட் வரலாறு மெலிதாக இருக்கும், அதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு: இந்தியா, இலங்கை குடிமக்கள் காமன்வெல்த் என்ற வகையில் இங்கே வாக்காளர் பட்டியலில் சேரலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை. முகவரி உறுதிப்பட்டால் கார்டு கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

கிரெடிட் லிமிட் எவ்வளவு என்பது பெரும்பாலும் கார்டு கிடைத்த பிறகுதான் தெரியும், அதனால் கார்டு வரும் முன் எந்தக் காருக்கும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எனக்கு 5,200 பவுண்ட் லிமிட், 20 மாதம் பூஜ்ய வட்டி. இந்த 20 மாதம் கணக்கு திறந்த நாளிலிருந்து ஓடுகிறது, கார் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கார் தேடி முடிக்கவே கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆனது, ஆக கையில் நின்றது 18.

தேடுவதில் பெரிய தலைவலி கார் அல்ல, கார்டை வாங்கிக்கொள்ளும் டீலர்தான். 2018 ஜனவரி 13 முதல் வாடிக்கையாளரிடம் கார்டுக்கென்று கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. டீலர் வங்கிக்குக் கட்டும் கட்டணம் அவர் லாபத்திலிருந்து போகும். அதனால் பலர் "கிரெடிட் கார்டில் 500 பவுண்ட் மட்டும்" என்றோ, கிடையவே கிடையாது என்றோ கைவிரித்துவிடுகிறார்கள். போய்ப் பார்க்கும் முன் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. நான் வாங்கியது 2015 மாடல், சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், விலை 6,450 பவுண்ட். யூலெஸ் (அதிகப் புகை விடும் வண்டிகளுக்குத் தினக் கட்டணம் போடும் மண்டலம்) 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதற்கும் வந்துவிட்டதால் பழைய டீசல் பக்கம் போகவே இல்லை, தினம் 12.50 பவுண்ட் தண்டம் கட்டி யாரால் வேலைக்குப் போக முடியும்?

பணம் கட்டும்போது ஒரு சின்ன நாடகம். 4,800 பவுண்டை கார்டிலும் மீதி 1,650ஐ டெபிட் கார்டிலும் கட்டுவதாகப் பேச்சு. மெஷினில் கார்டைச் செருகி பின் நம்பர் போட்டேன், டிக்ளைன் என்று வந்தது. விற்பனையாளர் முகம் மாறியது. அடுத்த நிமிடமே வங்கியிலிருந்து எஸ்எம்எஸ், இந்தப் பணம் நீங்கள் கட்டுவதுதானா, ஆம் என்றால் ஒய் என்று பதில் அனுப்புங்கள் என்று. அனுப்பினேன், மறுபடி செருகினோம், போய்விட்டது. புதுக் கார்டில் எடுத்த எடுப்பில் இவ்வளவு பெரிய தொகை போனால் வங்கி நிறுத்திப் பார்ப்பது வழக்கம்தான்.

கட்டியது எப்படி என்பதில் சொல்ல அதிகம் இல்லை. 4,800ஐ 18ஆல் வகுத்தால் 267, மாதம் 270 என்று வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி டைரக்ட் டெபிட் போட்டுவிட்டேன். மினிமம் தொகை மட்டும் கட்டும்படி விடவே கூடாது, அது கடனை அடைக்காது. ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணம் போக, பூஜ்ய வட்டிச் சலுகையையே எடுத்துவிடும் உரிமையும் வங்கிக்கு உண்டு. அந்தக் கார்டில் வேறு எதுவும் வாங்கவில்லை, ஏடிஎம் பக்கமும் கொண்டுபோகவில்லை, ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி.

அப்புறம் வந்தது அந்தப் பிரச்சினை. வாங்கிச் சில வாரங்களில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைய ஆரம்பித்தது. நிரப்புவேன், மறுபடி குறையும். எம்40 நெடுஞ்சாலையில் ஒரு நாள் டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்தது, ஓரம் கட்டினேன். வேறொரு கராஜுக்குக் கொண்டுபோனபோது அந்த மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். உள் விளிம்பு முழுக்கப் பழுப்பு நிறத்தில் சேறு போல அப்பியிருந்தது. கசிவை மறைக்க யாரோ முன்பே சீலன்ட் என்ற ஓட்டை அடைக்கும் திரவத்தை ஊற்றியிருக்கிறார்கள் என்றார். ரேடியேட்டரும் ஹெட் கேஸ்கெட்டும் மாற்ற வேண்டும், 1,140 பவுண்ட்.

டீலருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் 2015 படி முதல் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். அது தாண்டினால் ஒரு முறை பழுதுபார்க்க டீலருக்கு வாய்ப்பு தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் தெரிய வந்த குறை விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. இதையெல்லாம் எழுதியும் எங்கள் வாரண்டியில் கூலிங் சிஸ்டம் வராது, செய்ய முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பதில் எழுத்தில் வந்ததுதான் பின்னால் கை கொடுத்தது.

பிறகு வங்கியிடம் போனேன். கன்ஸ்யூமர் கிரெடிட் ஆக்ட் 1974, பிரிவு 75. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்கு மிகாமல் இருந்தால், விற்றவர் ஒப்பந்தத்தை மீறும்போது கார்டு கொடுத்தவரும் அதே அளவு பொறுப்பு. விலையில் ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் இது பொருந்தும். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மைலேஜ் குறித்த கராஜ் ரிப்போர்ட், டீலரின் மறுப்பு எல்லாவற்றையும் அனுப்பினேன். இழுத்தடித்தார்கள், கேட்டதையே திரும்பக் கேட்டார்கள். எட்டு வாரத்தில் முடிவு சொல்லாவிட்டால் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு) இலவசமாகப் புகார் செய்யலாம் என்று தெரிந்து வைத்திருந்ததால் பதற்றமில்லாமல் காத்திருந்தேன். கடைசியில் 1,140 பவுண்ட் முழுவதும் கார்டு கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கராஜுக்கு நான் முன்பே கையிலிருந்து கொடுத்திருந்ததால் கடன் நான்கு மாதம் முன்பே முடிந்தது. இப்படி வரும் வரவை மாதத் தவணையாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள், டைரக்ட் டெபிட்டை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

இந்த வழி எல்லோருக்கும் ஆகாது. 5,200 லிமிட்டில் 4,800 நின்றபோது என் கிரெடிட் ஸ்கோர் நன்றாகவே இறங்கியது, பாக்கி குறையக் குறையத்தான் ஏறியது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் வீட்டுக்கு மார்ட்கேஜ் கேட்கப் போகிறவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பேன். கூட இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனை எல்லாம் தனிச் செலவு, அதை விட்டுவிட்டு 270 கட்ட முடியும் என்று கணக்குப் போடக் கூடாது.

பணம் கையில் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். முழுவதையும் பேங்க் டிரான்ஸ்ஃபரில் அனுப்பாமல் 500 பவுண்ட் டெபாசிட்டையாவது கிரெடிட் கார்டில் நேரடியாக டீலரிடம் கட்டுங்கள். நடுவில் வேறு பேமென்ட் கம்பெனி வந்தால் பிரிவு 75 பொருந்தாமல் போகலாம். கார்டு யார் பெயரிலோ பில்லும் அவர் பெயரில் இருக்கட்டும், கணவர் கார்டில் கட்டி மனைவி பெயரில் பில் போட்டால் வங்கி அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்ளும்.